கிழக்குக் கரை நாணலும் நான் எழுதிய அறிக்கையும்

1. வேலை கிடைத்த விதம்

கிழக்கு லண்டன் முடிகிற இடத்தில், முன்பு சல்லிக்கல் தோண்டிய குழியில் தண்ணீர் நிரம்பி உண்டான ஏரி ஒன்று இருக்கிறது. அதை ஒரு மீன்பிடி கிளப் நடத்துகிறது. அங்கே பதினாறு வருடம் பெய்லிஃப்பாக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றேன். பெய்லிஃப் என்றால் நம் ஆட்களுக்கு கடனுக்காக வீட்டுக்கு வந்து சாமான் தூக்குகிறவன்தான் நினைவுக்கு வருவான். நான் ஏரிக் காவலாள். டிக்கெட் பார்ப்பது, விதி மீறுகிறவர்களை வெளியே அனுப்புவது, அன்றன்று பிடிபட்ட மீன்களைக் கொப்பியில் எழுதுவது, இவைதான் என் வேலை.

லண்டனுக்கு வருவதற்கு முன் ஒன்பது வருடம் ஜெர்மனியில் இருந்தேன். அங்கே தூண்டில் போடவும் பரீட்சை எழுதி லைசென்ஸ் எடுக்க வேண்டும். தொழிற்சாலையில் கூட வேலை செய்தவன் எழுதினான் என்று நானும் எழுதினேன். அந்தக் கடதாசியைப் பார்த்துத்தான் கிளப் செயலாளர் கிரஹாம் எனக்கு வேலை தந்தார்.

முதல் நாளே ஒரு கூத்து நடந்தது. ஒருவர் நல்ல டென்ச் ஒன்றைப் பிடித்தார். டென்ச் ஒலிவ் பச்சை நிறமான, வழுவழுத்த, சின்னச் சிவப்புக் கண் உள்ள மீன். மீனுக்கு அடிபடாமல் கரையில் விரிக்கிற ஈரமான மெத்தையில் அவர் அதைக் கிடத்திப் படம் எடுத்தார். பிறகு தண்ணீரில் விட்டுவிட்டார். கை தவறி விட்டார் என்று நினைத்து நான் வலையோடு ஓடினேன். கரையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். ஜெர்மனியில் அளவான மீனைப் பிடித்தால் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிட வேண்டும், விளையாட்டுக்குப் பிடித்துத் திரும்ப விடுவது பிழை என்று எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள். இங்கே நேர் எதிர். பிடித்தது எல்லாம் திரும்பத் தண்ணீருக்குப் போக வேண்டும்.

எனக்கு அது பிடித்துக்கொண்டது. திரும்பப் போகிற மீனால் ஏரிக்கு நட்டமில்லை என்ற எண்ணம் அன்றே மனதில் ஊறிவிட்டது. நான் செய்த பிழைகள் எல்லாம் அதிலிருந்து வந்தவை.

2. பூட்டுத் திறந்தது

அந்தக் காலத்தில் மார்ச் நடுவிலிருந்து ஜூன் நடுவரை கேட்டைப் பூட்டிவிடுவோம். மீன்கள் முட்டையிடும் மாதங்கள். ஆறுகளுக்கு அது சட்டம். எங்களைப் போன்ற ஏரிகளுக்குக் கிளப்பின் விருப்பம். பூட்டிய மாதங்களில் நான் ஜெர்மனிக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுவேன்.

கொரோனா லொக்டவுன் முடிந்ததும் சனம் வெள்ளமாக வந்தது. வீட்டில் அடைந்து கிடந்தவர்களுக்குத் தண்ணீரும் மரமும் வேண்டியிருந்தது. முன்பு கிழமை நாட்களில் ஏழெட்டுப் பேர் இருக்கிற கரையில் இடத்துக்குச் சண்டை வந்தது. வருடம் முழுக்கத் திறந்தால் என்ன என்று கமிட்டியில் கேள்வி எழுந்தது. கிரஹாம் என்னிடம் அபிப்பிராயம் கேட்டார்.

"எல்லா மீனும் திரும்பத் தண்ணிக்குத்தானே போகுது, திறக்கலாம்" என்றேன்.

அவ்வளவுதான். அடுத்த வசந்தத்தில் கேட் திறந்தே இருந்தது. மேற்கிலும் தெற்கிலும் தூண்டில்காரர் இருக்கப் புதிதாகப் பலகை மேடைகள் அடித்தோம். கிழக்குக் கரையில் மட்டும் நாணல் ஆளுயரத்துக்கு அடர்ந்து கிடந்ததால் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. நானும் போகவில்லை.

3. தவமணி அக்கா

எங்கள் ஏரிக்கு வந்த தமிழர்கள் மிகக் குறைவு. அதில் ஒருவர் தவமணி அக்கா. பக்கத்தில் செவன் கிங்ஸில் இருக்கிறவர். பள்ளிக்கூடமொன்றின் விஞ்ஞான ஆய்வுகூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் தவறிய பிறகு, அவருடைய தூண்டிலை எறிய மனமில்லாமல் எடுத்துக்கொண்டு வந்தவர். செவ்வாயும் வெள்ளியும் ஒரே மேடையில் இருப்பார். பிடிக்கிற ஒவ்வொரு டென்ச்சையும் வலப் பக்கமாகக் கிடத்திப் படம் எடுப்பார்.

ஒரு நாள் கொப்பியோடு நான் வந்தபோது, மெத்தையில் கிடந்த மீனைக் காட்டினார். வாலில் ஒரு வெட்டு. மேலுதடு ஒரு பக்கம் கிழிந்து ஆறி, வாய் கோணியிருந்தது.

"தம்பி, இந்த மீனை இந்த வருசம் நான் பிடிக்கிறது இது மூண்டாம் தரம். மற்ற ஆக்களும் பிடிச்சிருப்பினம். நீங்கள் இதை ஒவ்வொரு முறையும் ஒரு மீன் எண்டுதானே எழுதுறியள்?"

"ஓம் அக்கா. பிடிபட்டால் எழுதத்தானே வேணும்."

"அப்ப நீங்கள் எழுதுறது மீனை இல்லை. தூண்டிலை."

எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. நான் லைசென்ஸ் எடுத்தவன், சம்பளத்துக்கு இந்த வேலை பார்க்கிறவன். அவர் பொழுதுபோக்குக்கு வருகிறவர். ஏரி நல்லாய்த்தான் இருக்கிறது, நீங்கள் யோசிக்காதேங்கோ என்று சொல்லிவிட்டு அடுத்த மேடைக்குப் போனேன். அவர் மீனைத் தண்ணீரில் பிடித்து, அது தானாக நழுவிப் போகும்வரை வைத்திருந்தார். அந்தக் கோடைக்குப் பிறகு அவர் தன் வருட டிக்கெட்டைப் புதுப்பிக்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவுமில்லை.

4. ஒரு பக்க அறிக்கை

கிழக்குக் கரைக்கு அப்பால் இருந்த பழைய களஞ்சியத்தை இடித்து பிளாட் கட்ட ஒரு கம்பனி வந்தது. ஏரியைப் பார்த்த பல்கனி, கரையோரம் நடைபாதை, மரத்தளம் எல்லாம் அவர்களின் வரைபடத்தில் இருந்தன. அதற்கு நாணலை எடுத்து, மண் சரியாமல் இரும்புத் தகடு இறக்க வேண்டும். பதிலுக்குக் கிளப்புக்குப் புது கேட்டும் கார் பார்க்கும் தருவதாகச் சொன்னார்கள்.

கவுன்சிலுக்குக் கொடுக்க ஏரியின் நிலை பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி கிரஹாம் கேட்டார். நான் கொப்பிகளைப் பார்த்தேன். பிடிபட்ட மீன்களின் எண்ணிக்கை வருடத்துக்கு வருடம் ஏறியிருந்தது. அதையே எழுதினேன். கவுன்சில் கேட்டிருந்த ஒரு கேள்விக்கும் கடைசியில் பதில் எழுத வேண்டியிருந்தது: கிழக்குக் கரை நாணலை மீன்கள் முட்டையிடப் பயன்படுத்துகின்றனவா?

வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒரு வசந்தத்தில்கூட நான் அந்த நாணலுக்குள் போய்ப் பார்த்ததில்லை. "குறிப்பிடத்தக்க அளவில் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கிரஹாம் வாசித்துவிட்டு என் தோளில் தட்டினார். அவரும் கெட்ட மனுஷன் அல்ல. கிளப் நிலைக்க வேண்டும் என்று நினைத்தவர். என்னை நம்பியவர்.

5. ஜூன் காலை

நாணல் போனது. பிளாட்டுகள் எழும்பின. சனம் குடியேறியது. இரண்டாம் வருடம் ஜூன் மாதம், வெக்கையான ஒரு காலையில், மரத்தளத்தில் நின்று யாரோ தண்ணீரைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். போய்ப் பார்த்தேன்.

இரும்புத் தகட்டை ஒட்டி டென்ச்கள். குறைந்தது முப்பது இருக்கும். வயிறு பெருத்த பெண் மீன் முன்னே போக, மூன்று நான்கு ஆண் மீன்கள் பின்னே போயின. தகடு தொடங்குகிற இடத்திலிருந்து முடிகிற இடம்வரை போய், திரும்பி வந்து, மறுபடி போயின. முட்டை ஒட்டுவதற்கு ஒரு தண்டு, ஒரு வேர், ஒரு இலை இல்லை. சில மீன்கள் இரும்பில் உடம்பை உரசின. குடும்பம் ஒன்று மீன்களுக்குப் பாண் துண்டு போட்டுக்கொண்டிருந்தது. எவ்வளவு அழகு என்று அந்தத் தாய் என்னிடம் சொன்னாள். நான் ஓம் என்று தலையாட்டினேன்.

மத்தியானம்வரை அங்கேயே நின்றேன். அன்று கொப்பி எழுதவில்லை.

6. திரும்ப எண்ணியது

வீட்டில் பழைய கொப்பிகளை எல்லாம் மேசையில் பரப்பினேன். இந்த முறை மீனை மட்டும் பார்க்கவில்லை. வந்த ஆட்களின் பெயரையும் அவர்கள் இருந்த நேரத்தையும் சேர்த்துப் பார்த்தேன். முன்பு ஒருவர் அரை நாள் இருந்தால் ஒரு டென்ச் கிடைத்தது. இப்போது இரண்டு மூன்று நாள் இருந்தாலும் கிடைப்பதில்லை. ஆட்கள் பெருகியதால் மொத்தம் கூடித் தெரிந்தது. அதிலும் எத்தனை ஒரே மீன் என்று கொப்பியில் இல்லை.

அது தெரிந்த ஒருவர் இருந்தார். ஒரு சனிக்கிழமை செவன் கிங்ஸுக்குப் போனேன். தவமணி அக்கா தேத்தண்ணி தந்துவிட்டு, நான் கேட்பதற்கு முன்பே படங்களைக் கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொன்றின் பின்னும் திகதி எழுதியிருந்தது. ஒரே மீனை ஒரே கட்டாக ரப்பர் பாண்ட் போட்டு வைத்திருந்தார். கட்டுகள் கொஞ்சம்தான். சில கட்டுகள் தடிப்பாக இருந்தன.

"நான் அப்பவே சொன்னனான் எண்டு சொல்ல மாட்டன் தம்பி. ஆனா உங்களுக்கு விளங்கும் எண்டுதான் உங்களிட்டைச் சொன்னனான்."

நான் தடிப்பான கட்டு ஒன்றை எடுத்துப் படங்களை எண்ணத் தொடங்கினேன். அவர் தொடர்ந்தார்.

"இப்ப என்ன செய்யப் போறியள்?"

பிளாட்டின் இரண்டாம் கட்டம் வடக்குக் கரைக்கு வர இருந்தது. அங்கே கொஞ்ச நாணல் மிச்சம். கவுன்சில் கூட்டத்தில் பேச எனக்கு மூன்று நிமிடம் தந்தார்கள். முதல் அறிக்கையை எழுதியவன் நான், அது பிழை, பார்க்காததைப் பார்த்தவன் போல எழுதினேன் என்று சொன்னேன். அக்கா பின்வரிசையில் படங்களோடு இருந்தார். கிரஹாம் என் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டடத்துக்கு அனுமதி கிடைத்தது. வடக்குக் கரையில் பாதி நாணலை விட வேண்டும், கிழக்கில் ஒரு துண்டுக்கு நாணல் திரும்ப நட வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். கிளப்பும் மூன்று மாதப் பூட்டை மறுபடி கொண்டுவந்தது. கிரஹாம் என்னோடு பேச நாலைந்து மாதம் எடுத்தது.

அந்த இலையுதிர் காலத்தில் மீன்களைக் கணக்கெடுக்க வலைக்காரர்கள் வந்தார்கள். முதல் இழுப்பிலேயே பெரிய டென்ச்கள். உறுப்பினர்கள் கை தட்டினார்கள், படம் எடுத்தார்கள். வலைக்காரர்களின் தலைவர் குஞ்சுகளுக்கென்று வெள்ளைத் தட்டுகளில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார். நாலு இழுப்பு முடிந்தும் டென்ச் குஞ்சு ஒன்றுகூட அதில் விழவில்லை. எல்லாம் வயது போன மீன்கள், பின்னால் வர எதுவும் இல்லை என்று அவர் கிரஹாமிடம் சொன்னார். கிரஹாம் கமராவைக் கீழே இறக்கினார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வெறுங்கையோடு வீட்டுக்குப் போனவர்களையும் எழுதுங்கள். கேட் பூட்டிய மாதத்தில் லீவில் போகாமல் தண்ணீரைப் போய்ப் பாருங்கள். ஒரே இடத்தில் நாள் முழுக்க இருக்கிற ஆள் ஏதாவது சொன்னால் நின்று கேளுங்கள். பார்க்காததற்கு, பார்க்கவில்லை என்றே எழுதுங்கள்.

கிழக்குக் கரையில் வேலி போட்டு நாணல் நட்டோம். வாத்துகள் பாதியைத் தின்றன. திரும்ப நட்டோம். நான் வேலையை விட்டு வந்த கிழமை போய் அளந்தேன். என் முழங்கால் உயரம் இருந்தது.