பொய் கலக்காத ஒப்பாரி

என் நாத்தனார் கிறிஸ்து வேதத்தில் சேர்ந்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனாள், வந்தாள், நன்றாகத்தான் இருந்தது. ஒரு நாள் உபதேசியார் பிரசங்கத்தில், சின்னப் பொய்யும் பொய்தான், ஆண்டவர் காதில் எல்லாம் ஒரே மாதிரிதான் விழும் என்று சொல்லித் தொலைத்தார். அன்றோடு எங்கள் வீட்டு நிம்மதி போயிற்று.

பக்கத்து வீட்டுக்காரி மோர் கேட்டு வந்தால், மனசில்லாதபோது இல்லை என்று சொல்லி அனுப்புவது உலக வழக்கம். இவளோ, "இருக்குது. அண்ணிக்குத்தான் குடுக்க மனசில்ல" என்றாள். என் வீட்டுக்காரரைத் தேடி வந்த ஆளிடம், "கதவுக்குப் பின்னால நிக்கிறாரு" என்று கையைக் காட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போது ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு மேஸ்திரியின் வீட்டுக்குப் பின்னால், அவர் கொடுத்த கூரை வீட்டில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு வேலை கொடுத்தவரும் அவரே. அவர் முகம் சுளித்தால் இரண்டும் போய்விடும். அந்த மேஸ்திரியின் அம்மா ஒரு காலையில் கண்ணை மூடினாள்.

எங்கள் பக்கத்தில் ஒப்பாரி என்றால் என் நாத்தனார்தான். மாதனூரிலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்து கூட்டிப் போவார்கள். மேஸ்திரியும் ஆள் அனுப்பிவிட்டார்.

"வர்றேன். ஆனா அந்தம்மாவ மகராசின்னு பாட மாட்டேன்" என்றாள்.

செத்தவள் மகராசி இல்லை என்பது எனக்கும் தெரியும். மருமகள்கள் தொட்டுவிடுவார்கள் என்று ஊறுகாய் ஜாடியைப் பெட்டியில் வைத்துப் பூட்டியவள். அதற்காக ஒப்பாரியிலா உண்மை பேசுவார்கள்? எந்தச் சாமி கேட்டது?

என் வீட்டுக்காரர் கெஞ்சினார். "இன்னாம்மா இது பேஜாரு? குடியிருக்க எடம் வேணாவா? பாட வேணாம், சும்மா அழுதுட்டாவது வந்துடு."

"அழுகை வந்தா அழுவேண்ணே. வராம அழுதா அதுவும் பொய்தான்."

சாவு வீட்டில் பெண்கள் தோளைக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து, ஊருக்கே சோறு போட்ட மகராசியே என்று பாடிக்கொண்டிருந்தார்கள். இவளைக் கண்டதும் நிறுத்தி வழிவிட்டார்கள். இவள் செத்தவளின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மெய்யாகப் புகழ ஏதாவது கிடைக்குமா என்று தேடினாள் போலிருக்கிறது. கிடைக்கவில்லை. பிறகு, கேட்டவர் நெஞ்சைக் கரைக்கும் அந்தக் குரலில் எடுத்தாளே பார்க்கலாம்:

"ஊறுகா ஜாடியப் பூட்டி வெச்சவளே, எம்மா,
சாவிய யாருகிட்ட தந்துட்டுப் போன?
தெருநாய் கொலச்சாலும் திருப்பித் திட்டுனவளே, எம்மா,
இனிமே அந்த நாயி யாரப் பாத்துக் கொலைக்கும்?"

பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள். மேஸ்திரியின் பெண்டாட்டிக்கு உடம்பெல்லாம் குலுங்கியது. அது அழுகை இல்லை என்பது எனக்குத் தெரியும். வாசலில் மேளம் நின்றுவிட்டது. போச்சுடா, சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு ஒடுகத்தூரில் என் தாய் வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான் என்று மனசுக்குள் சாமான்களை எண்ணத் தொடங்கினேன்.

மேஸ்திரி உள்ளே வந்தார். காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனிதர். அம்மாவின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்தார்.

"திட்டிக்கினேதான் சோறு போடும்" என்றார். "தோல் நாத்தம் புடிச்சவனே, கைய நல்லா கழுவிட்டு வாடான்னு திட்டும். ரெண்டாந்தரம் சோறு வேணான்னா அதுக்கும் திட்டும்."

சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி ஓவென்று அழுதார்.

"நீ பாடும்மா" என்றார் இவளிடம். "எல்லாரும் யாரோ ஒரு மகராசிக்கு அழுவுறாங்க. நீதான் எங்கம்மாவுக்கு அழுவுற."

இவள் பாடினாள். இப்போது இவளுக்கே கண்ணீர் வந்துவிட்டது. ஜாடியைத் தொட முடியாத மருமகள்கள் கூட அழுதார்கள். பிணத்தை எடுக்கும்போது மேஸ்திரி என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, தன் பக்கத்தில் தோள் கொடுக்கச் சொன்னார். வீடும் வேலையும் தப்பின என்று அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

திரும்பி வரும்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"ஏண்டி, நாளைக்கு நான் செத்தா இன்னா பாடுவ?" என்று கேட்டேன்.

அவள் பொறுப்பாக யோசித்துக்கொண்டே நடந்தாள்.

"அவசரப்படாத அண்ணி" என்றாள் கடைசியில். "உனக்கு இன்னும் நாள் இருக்குதே."

எனக்கு வந்த கோபத்துக்கு நடுத்தெருவிலேயே அவளை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்க வாயைத் திறந்தேன். அவள், செத்தவளைப் பார்த்த அதே மாதிரி, என் முகத்தையே கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.