யாருக்குச் சொன்ன ‘ம்’

அந்த ‘ம்’மை நான் யாருக்குச் சொன்னேன்? மடியில் இருந்த மகளுக்கா, எதிரே வயலினோடு நின்ற அக்காவுக்கா? ஒன்றரை வருடமாக யோசிக்கிறேன், தெரியவில்லை.

அக்கா எனக்கு உறவு இல்லை. அமெரிக்காவில், பிரிட்ஜ்வாட்டருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் ஆர்க்கெஸ்ட்ராவின் முதல் வயலின் அவர்தான். டாக்டர், மெட்ராஸில் வெஸ்டர்ன் கற்று, இங்கே வந்து இருபது வருடம் ஆனவர். நான் கோயம்புத்தூரில் பத்து வருடம் கர்நாடக வயலின் கற்றவள். வேலைக்குப் போக அனுமதியில்லாத விசா, இரண்டு வயதுப் பெண், வீட்டில் ஒரே கார். வியாழக்கிழமை ஒத்திகைக்கு மட்டும்தான் எனக்காக வெளியே போவேன். கடைசி வரிசையில் நான் தடுமாறினால் அக்கா திரும்பி, "இது பஜனை இல்லம்மா, இழுக்காதே" என்பார், தமிழில். மற்றவர்கள் அவர் எனக்கு உதவுகிறார் என்று நினைத்துப் புன்னகைப்பார்கள்.

அந்த வருடம் ஒரு துருக்கி இசையமைப்பாளரின் கான்செர்ட்டோவை எடுத்துக்கொண்டோம். மூன்று பாகம், முழு ஆர்க்கெஸ்ட்ரா, அதோடு அவரே சாஸ் வாசிப்பார். சாஸ் என்பது அவர்கள் ஊர்ப் பாட்டுகளுக்கு வாசிக்கும், நீண்ட கழுத்துள்ள தந்தி வாத்தியம். பியானோவில் இரண்டு கட்டைகளுக்கு நடுவே விழும் சுரங்கள் அதில் வரும். இரண்டாம் பாகத்தில் சாஸ் ஒரு வரி வாசிக்க, ஒற்றை வயலின் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் அப்படிப்பட்ட ஒரு சுரத்தின் மேல்தான் நிற்கிறது. தாளில் அதற்கு, சுரத்தை அரைப்படி இறக்கச் சொல்லும் பிளாட் குறியைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி திருப்பிப் போட்டிருந்தார்கள்.

முதல் ஒத்திகைக்கு இசையமைப்பாளர் வந்தார். அக்கா சாதாரண பிளாட்டையே வாசித்தார். வேறு யாராவது முயல்கிறீர்களா என்று அவர் கேட்டபோது, எங்கிருந்து தைரியம் வந்ததோ, நான் வாசித்தேன். எனக்கு அது புதுசே இல்லை. பிளாட்டிலிருந்து விரலை ஒரு நூல் ஏற்றிவைக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கண்டக்டரிடம் என்னைக் காட்டினார். அந்த வாரம் முழுக்க அந்த வரியை முனகிக்கொண்டே சமைத்தேன்.

அடுத்த வியாழன் அது அக்காவிடம் போயிருந்தது. கைக்குழந்தைக்காரி, கச்சேரியன்று குழந்தைக்கு ஜுரம் என்று வராமல் போனால் என்ன செய்வது என்று கண்டக்டரிடம் சொன்னது அவர்தான். என்னிடமும் மறைக்கவில்லை. "உனக்கு நல்லதுதான் பண்ணிருக்கேன். வீணா டென்ஷன் ஆவே. முதல்ல குழந்தைய கவனி." நான் தேங்க்ஸ் சொன்னேன். அதை நினைத்தால் இன்றும் நாக்கு கசக்கிறது. அவர் மேடையில் தவற வேண்டும் என்று கோயிலில் நின்றே வேண்டிக்கொண்டேன்.

கச்சேரி ஒரு ஹைஸ்கூல் அரங்கில். இசையமைப்பாளரின் விமானம் தாமதமானதால் கடைசி ஒத்திகை அவர் இல்லாமலே முடிந்தது. என் கணவர் பார்சிப்பனி ஆபீஸிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. பக்கத்து அறையில் மகளுக்குத் தயிர் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தேன். அக்கா வந்து அந்த வரியை வாசித்துக் காட்டினார். திருப்பிப் போட்ட குறி என்றால் இன்னும் இறக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார். பிளாட்டுக்கும் கீழே எங்கேயோ போயிருந்தது சுரம்.

"நீ இப்படித்தானே வாசிச்சே? சரியா இருக்கா?" அவர் பயந்து நான் பார்த்தது அன்றுதான்.

மகள் "நோ மோர்" என்று வாயை இறுக்கிக்கொண்டாள். ஸ்பூனை அவள் உதட்டருகே கொண்டுபோய், "ம்" என்றேன்.

அக்கா போய்விட்டார். எழுந்துபோய்ச் சொல்ல ஐந்து நிமிடமாவது இருந்தது. நான் குழந்தையின் வாயைத் துடைத்தேன். டப்பாவை மூடினேன். மூடி சரியாக மூடியிருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்தேன்.

பிறகு கணவர் வந்து மகளை வாங்கிக்கொள்ள, நான் மேடை ஏறினேன். இரண்டாம் பாகத்தில் சாஸ் கேட்டது. அக்காவின் பதில் கீழே விழுந்தது. இசையமைப்பாளர் புருவத்தைத் தூக்கி, அதே வரியை நிதானமாக மறுபடி வாசித்து, இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார். அக்கா அதே தவற்றை இன்னும் அழுத்தமாகச் செய்தார். முன்வரிசையில் இருந்த துருக்கிக் குடும்பங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டன. நான் கடைசி வரிசையில் ஒரே ஆதார சுரத்தை இழுத்துக்கொண்டிருந்தேன். பிரசவத்துக்குப் பிறகு அவ்வளவு நிம்மதியாக நான் மூச்சு விட்டதில்லை. அந்த மனிதரின் இசையும் சேர்ந்து கெட்டது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

இந்த வருடம் அதையே மறுபடி வாசிக்கிறோம். தனி வாசிப்பு எனக்கு. போன வாரம் அக்கா போன் பண்ணினார்.

"அன்னிக்கு நீயும்தானே சரின்னே? உனக்கும் காது ஏமாத்திடுச்சு. போகட்டும், நான் அதைப் பெரிசு பண்ணல. இந்தத் தடவை டேப் போட்டுக் கேட்டு ப்ராக்டிஸ் பண்ணு. குழந்தைய நான் பாத்துக்கறேன்."

நான் செய்யாத பிழையை அவர் மன்னித்துவிட்டார். செய்ததோ அவருக்குத் தெரியவே தெரியாது. என் காது ஏமாறவில்லை அக்கா, நீங்கள் வாசித்தது தப்பு என்று எனக்கு அப்போதே தெரியும் என்று சொல்லத் துடிக்கிறேன். சொன்னால் அது மன்னிப்புக் கேட்பதா, இரண்டாவது முறை குத்துவதா?

கச்சேரிக்கு மூன்று வாரம் இருக்கிறது. சொல்லிவிடுவதா, பேசாமல் மகளை அவரிடம் விட்டுவிட்டு மேடை ஏறுவதா? என் இடத்தில் இருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள்.