நான் பத்துக்குப் பத்துப் போட்ட கார்

மெல்பேர்னில் தமிழர் வீட்டுக் கொண்டாட்டம் எதற்குப் போனாலும் ஆண்கள் கராஜுக்குள் கதிரை போட்டுக்கொண்டு கார்களைப் பற்றித்தான் பேசுவார்கள். முடிவும் எப்போதும் ஒன்றுதான்: ஜப்பான் காரை வாங்கு, கவலையில்லாமல் இரு. அமெரிக்கக் கார் என்று வாயெடுத்தால் போதும், ஆளுக்கொரு தீர்ப்பு வரும். பெற்றோலைத் தண்ணீர் மாதிரிக் குடிக்கும் என்பார் ஒருவர். விற்கப் போனால் நாய்கூடத் திரும்பிப் பார்க்காது என்பார் இன்னொருவர். இவர்களில் ஒருவராவது அமெரிக்கக் காரின் சாவியைக் கையில் பிடித்தவரா என்றால் கிடையாது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பல வருடங்களாக அந்தக் கராஜ்களில் ஒரு கையில் கட்லெட்டை வைத்துக்கொண்டு தனியாளாக அமெரிக்காவுக்காக வாதாடியிருக்கிறேன்.

காரணம் இருந்தது. ஓர் அமெரிக்கக் கொம்பனியின் கார்களுக்கு, இந்த நகரத்தின் புறநகரான டண்டினொங்கில் பதினொரு வருடம் இருக்கை உறை தைத்தவன் நான். கொம்பனியின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் வக்கீல்கள் வருவார்கள். காரைத் திருத்த வராதவர்கள் அதற்கு மட்டும் சரியான நேரத்துக்கு வந்துவிடுவார்கள். நான் வேலை செய்தது அவர்களுடைய தொழிற்சாலையிலும் இல்லை, அவர்களுக்குத் தைத்துக் கொடுத்த ஒரு கொட்டகையில். ஆனாலும் எங்களுக்கு அது எங்கள் கார். பின் இருக்கையின் நடுத்தையல் என்னுடையது. இந்த ஊரில் எத்தனை டாக்சிக்காரர், எத்தனை பொலிஸ்காரர், பொலிஸ்காரர் பிடித்துக்கொண்டு போன எத்தனை பேர் என் தையலில் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துச் சிரித்ததுண்டு.

பிறகு கொம்பனி இந்த நாட்டில் கார் செய்வதை நிறுத்தியது. கடைசி நாளன்று எங்களுக்குச் சொசேஜ் சுட்டுக் கொடுத்தார்கள். தலைக்கொரு தொப்பியும் தந்தார்கள், கொம்பனியின் பெயர் போட்டது. அதையும் நான் பத்திரமாக வைத்திருந்தேன். அப்படிப்பட்ட மடையன்.

எங்கள் பழைய கார் இங்கே செய்த கடைசிக் கார்களில் ஒன்று. ஒரு நாள்கூட வழியில் நிறுத்தவில்லை. அது ஓய்ந்தபோது அதே கொம்பனியின் புதுக் காரைத்தான் வாங்குவேன் என்று நின்றேன். அது இப்போது வேறு எங்கோ செய்து கப்பலில் வருகிறது. பேர் மட்டும் பழையது. மனைவிக்கு விருப்பமில்லை. அவளுக்கு ஒரு முதியோர் இல்லத்தில் வேலை; காலை ஆறரைக்கு அங்கே நிற்கவேண்டும். எனக்கு வேலை நடந்து போகும் தூரம். ஆகவே கார் உண்மையில் அவளுக்குத்தான். காட்சியறையில் நான் இருக்கைத் தையலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"ஓடப்போறது நான்."

கேட்டும் கேளாததுபோல் கையெழுத்துப் போட்டேன்.

ஒன்பதாம் மாதம், மொனாஷ் ஃப்ரீவேயில், நூறில் போய்க்கொண்டிருந்த கார் திடீரென்று பலமிழந்தது. எல்லா விளக்குகளும் ஒன்றாக எரிந்தன. அவள் எவ்வளவு மிதித்தும் வேகம் வரவில்லை. பின்னால் வந்த லொறிக்காரர் ஹோர்னை அடித்தபடியே மயிரிழையில் விலகிப் போனார். ஓரத்தில் நிறுத்தி, அணைத்து, திரும்பப் போட்டதும் கார் ஒன்றும் அறியாத பிள்ளைபோல் ஓடியது. வீட்டுக்கு வந்தவள் என்னோடு சண்டை பிடிக்கவில்லை. சாவியை மேசையில் வைத்துவிட்டு நேரே படுக்கப் போனாள். சண்டை பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கொம்பனியின் சேர்விஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனேன். இரண்டு நாள் வைத்திருந்து ஒரு தாள் தந்தார்கள்: பிழை எதுவும் காணப்படவில்லை. மூன்று கிழமை கழித்து மறுபடி அதே இடத்தில் அதே கூத்து. மறுபடி அதே தாள். கணினியில் பதிவாகாத பிழை பிழையே இல்லையாம். என் மனைவியின் நெஞ்சு அடித்த அடியைப் பதிவு செய்ய அந்தக் கணினியில் இடமில்லை.

அங்கே காத்திருக்கும் அறையின் சுவரில் கொம்பனியின் சரித்திரத்தை நீளமாக எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள். இடதுகோடியில் மீசை வைத்த ஸ்தாபகர், பக்கத்தில் அவருடைய முதல் இயந்திரம். பிறகு யுத்தம், பிறகு கடற்கரைக்குப் போகும் அமெரிக்கக் குடும்பம், பிறகு அவுஸ்திரேலியாவில் செய்த பெரிய செடான். அதற்கடுத்த படம் இன்றைய புதுக் கார். நடுவில் ஒன்றுமே நடக்கவில்லை. தொழிற்சாலை மூடியது ஒரு வரியில்கூட இல்லை. நாங்கள் என்ன ஆவியாகிப் போனோமா? சொசேஜையாவது போட்டிருக்கலாம். அந்தச் சுவரை நான் பாடமாக்கிவிட்டேன். அவ்வளவு நேரம் அதற்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டாவது தாளைத் தந்த அன்று என் பொறுமை போய்விட்டது. மேசைக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் ஆங்கிலத்தில் சத்தம் போட்டேன். மூச்சு வாங்க நிறுத்தி, வாய்க்குள் தமிழில் ஏதோ திட்டினேன். அவள் நிமிர்ந்து பார்த்து, மெதுவாக, "அண்ணை, இருங்கோ, தண்ணி கொண்டு வாறன்" என்றாள்.

அதோடு என் கோபம் பாதி இறங்கிவிட்டது. இந்த ஊரில் எதிர்பாராத இடத்தில் ஒருவர் அண்ணை என்று கூப்பிட்டால் நாங்கள் அவ்வளவுதான், உருகிவிடுவோம். அவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். படகில் வந்தவள். பல வருடம் ஒரு தொழிற்சாலையில் குளிருக்குள் நின்று இலைக்கறி பொதி செய்தவள். கராஜ் அலுவலகப் படிப்பைப் படித்து முடித்து, இங்கே மூன்று மாதத் தற்காலிக வேலை. அது முடிய நிரந்தரமாக்குவார்களா இல்லையா என்பது ஒன்றில் தங்கியிருந்தது. கார் எடுத்துக்கொண்டு போகும் ஒவ்வொருவருக்கும் கொம்பனி தொலைபேசிக்கு ஒரு கேள்வி அனுப்பும்: எங்களை உங்கள் நண்பருக்கோ குடும்பத்தவருக்கோ பரிந்துரைப்பீர்களா, பத்துக்கு எத்தனை? கேள்விக்கு மேலே அவளுடைய பெயர் இருக்கும். அவள் பெயர் மட்டும்தான் இருக்கும்.

"ஒண்டு கேக்கட்டே அண்ணை? பத்துப் போட்டுவிடுங்கோ. எட்டுப் போட்டாலும் எனக்குச் சைபர் போட்ட மாதிரித்தான்."

எட்டு என்றால் சைபராம். நான் படித்த பள்ளிக்கூடத்தில் பத்துக்குப் பத்து எவனுக்கும் கிடைத்ததில்லை. எட்டு வாங்கியவனை வீட்டில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். மனிதர் மனதில் உள்ளதைச் சொல்லக் கேள்வியும் அனுப்பிவிட்டு, பத்தைத் தவிர எதைச் சொன்னாலும் மேசையில் இருக்கும் பெண்ணின் கழுத்தைப் பிடிக்கிற இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவன் யார்? அவனுக்குத்தான் அந்தச் சுவரில் மீசையோடு படம் போடவேண்டும்.

ஆனாலும் பத்துப் போட்டேன். பிறகு சேர்விசுக்கும் சோதனைக்குமாக இன்னும் இரண்டு முறை போனேன், அப்போதும் பத்துத்தான்; ஆக மூன்று பத்து. சாப்பிட்ட வீட்டில் உப்புக் கூடிப்போச்சு என்று சொல்லாத சனம் நாங்கள். கடைசி முறை கொடை வள்ளலாகி, கீழே இருந்த பெட்டியில், குடும்பத்தில் ஒருவர்போல் கவனித்தார்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியும் விட்டேன். ஒருவரும் கேட்காமல் நானாகச் செய்தது அது. மனைவி என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"அவங்கள் கேட்டது காருக்கு. நீங்கள் போட்டது அந்தப் பிள்ளைக்கு."

அந்தக் கிழமை மூன்றாம் தடவையாகக் கார் பலமிழந்தது. இந்த முறை மழை. அடுத்த நாளிலிருந்து மனைவி பஸ்ஸில் போகத் தொடங்கினாள். இரண்டு பஸ் மாறவேண்டும். ஐந்து மணிக்கே வீட்டை விட்டு இறங்கவேண்டும். வாசலில் பளபளவென்று நிற்கும் புதுக் காரைச் சுற்றிக்கொண்டு, குளிருக்குக் கழுத்தைச் சுற்றிச் சால்வையோடு அவள் நடந்து போவதை யன்னலால் பார்ப்பேன். அவமானமாக இருந்தது. கராஜ் கதிரைகளில் இருந்த அத்தனை பேரும் வென்றுவிட்டார்கள் என்பதைவிட அதுதான் என்னைத் தின்றது.

காரைத் திருப்பி எடுங்கள் என்று கொம்பனியின் தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். ஒரு மாதம் கழித்து, சேர்விஸ் நிலையத்துக்கு ஆள் வருகிறார், வந்து பேசுங்கள் என்றார்கள். ஒரு கோப்பு முழுக்கத் தாள்களோடு போனேன். வழக்கமான கதிரையில் உட்கார்ந்து வழக்கம்போல் சுவரைப் பார்த்தேன். சரித்திரத்தின் வலதுகோடியில், புதுக் காருக்கு அப்பால், புதிதாக ஒரு பலகை: எங்கள் கார் உரிமையாளர்கள் சொல்கிறார்கள். அதில் பெரிய எழுத்தில் என் வாக்கியம். குடும்பத்தில் ஒருவர்போல் கவனித்தார்கள். கீழே, டண்டினொங் உரிமையாளர் ஒருவர்.

பதினொரு வருடம் தைத்தவனுக்கு அந்தச் சரித்திரத்தில் இடம் கிடைக்கவில்லை. பொய் சொன்னவனுக்குக் கிடைத்துவிட்டது.

வந்தவர் நீலச் சட்டை போட்ட மரியாதையான மனிதர். என் கோப்பை அவர் திறக்கவில்லை. தன்னுடைய திரையை என் பக்கம் திருப்பினார். மூன்று பத்துகள். எங்கள் பதிவின்படி நீங்கள் மிகவும் திருப்தியான உரிமையாளர்களில் ஒருவர், திருத்த வேலையை ஏற்றுக்கொண்டிருக்கிறீர்கள் என்றார். பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, இந்தப் பத்தைப் போடும்படி எங்கள் ஊழியர் யாராவது உங்களைக் கேட்டார்களா, அப்படிக் கேட்பது இங்கே பெரிய குற்றம், கேட்டிருந்தால் அது வேறு விஷயம் என்றார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் தன் மேசையில் இருந்தாள். தட்டச்சு செய்வதுபோல் விரல்களை வைத்திருந்தாள், விரல்கள் அசையவில்லை. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அந்தப் பத்துகள் செல்லாது. அவளுடைய வேலையும் போய்விடும், திரும்ப அந்தக் குளிருக்குள் நின்று இலைக்கறி பொதி செய்யவேண்டியதுதான். இல்லை, நானாகத்தான் போட்டேன் என்றேன். மனிதர் திரையை மூடிவிட்டுக் கை கொடுத்தார். நுகர்வோர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று பொயிண்ட் குக்கில் இருக்கும் நண்பர் ஒருவர் பிறகு சொன்னார். போனால் அங்கேயும் அதே மூன்று பத்துகளும் அதே கேள்வியும்தான் மேசைக்கு வரும். நான் போகவில்லை.

விற்கலாம்தானே என்று பலர் கேட்கிறார்கள். விற்கலாம். வாங்குகிறவனுக்கும் ஒரு மனைவி இருப்பாள், அவளும் மொனாஷில் ஓடுவாள். அதற்கு எனக்குக் கை வரவில்லை. கார் வாசலில் நிற்கிறது.

போன மாதம் ஒரு மத்தியானம் சேர்விஸ் நிலையத்துப் பெண் தொலைபேசி எடுத்தாள். வேலை நிரந்தரமாகிவிட்டதாம். குரல் சந்தோஷத்தில் நடுங்கியது. எல்லாம் உங்களால்தான் அண்ணை என்றாள். எனக்கும் உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. நல்லாய் இரும் என்று சொல்லி வைக்கப் போனேன். வைக்காதேங்கோ என்று தடுத்தாள். பிறகு குரல் மிகவும் சிறியதாக வந்தது.

"அண்ணை, அக்காவை அந்தக் காரை ஓட விடாதேங்கோ. இதே பிழையோட வேற நாலு கார் வந்தது."

எப்போது என்று கேட்டேன். உங்களுடையதுக்கு முதலே இரண்டு என்றாள்.

நான் அவளுக்காக அந்தக் கண்ணாடி அறைக்குள் பொய் சொன்னபோது இது அவளுக்குத் தெரியும். பிழை எதுவும் காணப்படவில்லை என்ற தாளை என் கையில் தந்தபோதும் தெரியும். என் மனைவி மழைக்குள் லொறிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட நாளிலும் தெரியும். ஆனாலும் நிதானமாகத்தான் கேட்டேன்.

"இதை எழுதித் தருவீரோ, பிள்ளை?"

அதற்குள் யாரோ மேசைக்கு வந்திருக்கவேண்டும். அவளுடைய மற்றக் குரல், ஆங்கிலக் குரல், இனிமையாக யாரையோ வரவேற்றது. தொடர்பு அறுந்தது.

வேலைத் தொலைபேசியிலிருந்து பேசியிருக்கிறாள். அதுவும் வாடிக்கையாளர் சேவையாகப் பதிவாகிவிட்டது. கால் மணித்தியாலத்தில் வழக்கமான கேள்வி வந்தது, மேலே அவளுடைய பெயரோடு: எங்களை உங்கள் நண்பருக்கோ குடும்பத்தவருக்கோ பரிந்துரைப்பீர்களா?

நான் சைபரை அழுத்தினேன். நிரந்தர வேலை ஒரு சைபரால் போய்விடாது என்று எனக்குத் தெரியும். அவளுக்கு நோகும் என்றும் தெரியும். நோகட்டும். கீழே இருந்த பெட்டியில், அக்காவை அந்தக் காரை ஓட விடாதேங்கோ என்று, அவள் சொன்னதைச் சொன்னபடியே தமிழில் எழுதி அனுப்பினேன். அந்த அலுவலகத்தில் அதை வாசிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.