கேட்காத லீவு

ஜப்பானில் நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த பள்ளியை நினைத்தால் முதலில் கண்முன் வருவது துணைத் தலைமையாசிரியரின் மேசைதான். ஆசிரியர் அறையில் எல்லோரையும் பார்த்தபடி முன்னால் போட்டிருக்கும். ஒரு தொலைபேசி, ஆறிப்போன தேநீர், எப்போதும் ஒரு கட்டுக் காகிதம். காலையில் பள்ளியைத் திறப்பதும் அவர், இரவில் பூட்டுவதும் அவர். அவர் எழாமல் மற்றவர்களும் எழமாட்டார்கள். என் வேலை சாயங்காலமே முடிந்துவிடும். இருந்தாலும் மறுநாள் பாடத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். போத்தனூரில் ரயில்வே குடும்பம் எங்களுடையது. ஷிஃப்ட் முடிந்தால் வீடு என்று வளர்ந்தவள் நான். வேலை செய்து களைத்ததைவிட, அங்கே சும்மா உட்கார்ந்து களைத்ததுதான் அதிகம்.

மரியாதையில் மட்டும் எனக்குச் சிரமமே இல்லை. கோயமுத்தூர்க்காரிக்கு அதை யாராவது சொல்லித்தர வேண்டுமா என்ன? எங்கள் ஊரில் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லமாட்டார்கள். வேண்டும் என்றும் கேட்கமாட்டார்கள். அங்கேயும் அதேதான். அட, நம்ம ஊர் மாதிரியே இருக்கிறதே என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது.

அப்பாவுக்கு இதயத்தில் அடைப்பு, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று அம்மா போனில் சொன்னாள். மறுநாளே அந்த மேசைமுன் போய் நின்று, ஊரில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, ஆபரேஷனாம் என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். எங்கள் பக்கம் அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. ‘நீ மொதல்ல கெளம்பு கண்ணு’ என்று எதிரே இருப்பவரே சொல்லிவிடுவார். இவர் எழுந்து நின்று தலைகுனிந்தார். மிகவும் கவலையாக இருக்குமே என்றார். பிறகு உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு தினமும் அப்பாவைப் பற்றி விசாரிப்பார். லீவைப் பற்றி ஒரு வார்த்தை வராது. கல்நெஞ்சுக்காரன் என்று மனசுக்குள் திட்டித் தீர்த்தேன்.

“ஏங்கண்ணு, லீவு கேட்டயா?” என்றாள் அம்மா.

“சொல்லிப்போட்டேம்மா.”

“சொன்னது கெடக்கட்டும். கேட்டயா?”

பின்னாலிருந்து அப்பா போனை வாங்கினார். “எனக்கு ஒண்ணுமில்ல அம்மணி. நீ வேலையப் பாரு.”

மூன்று வாரம் இப்படியே ஓடியது. கடைசியில் ஒருநாள், “எனக்கு லீவு வேண்டும். ஊருக்குப் போகவேண்டும்” என்று நேராகவே கேட்டேன். அறையே நிமிர்ந்து பார்த்தது. அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. என் வகுப்புகளை யார் யார் எடுப்பது என்று, நான் அப்பாவைப் பற்றிச் சொன்ன அன்றைக்கே பேசி வைத்துவிட்டார்களாம். “நானாகப் போகச் சொன்னால், நீங்கள் இங்கே தேவையில்லை என்று சொன்னதுபோல் ஆகிவிடுமே. நீங்கள் கேட்பீர்கள் என்று காத்திருந்தேன்” என்றார். அவர்மேல் கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அப்பாவுக்குப் பேச்சு நின்றிருந்தது. முந்தின ராத்திரி நெஞ்சுவலி. மறுநாள் போய்விட்டார். அம்மாதான் அழுதுகொண்டே சொன்னாள்: “டாக்டரு ரெண்டு தடவ தேதி குடுத்தாரு. இன்னொரு வாரம் போகட்டுங்கன்னு ரெண்டு தடவையும் தள்ளிப்போட்டாரு உங்கப்பா. நீ வந்தரட்டும்னுதான். உங்கிட்டச் சொல்லலாமுன்னா, அவ வேல கெட்டுப்போயிரும், சும்மா இருன்னு என்னைய அடக்கிப்போட்டாரு.”

இப்போது ஊரிலேயே ஒரு பள்ளியில் வேலை, லீவு கொடுப்பதும் என் பொறுப்பு. என் முன்னால் வந்து மென்று முழுங்கும் இளம் ஆசிரியைகளிடம், “லீவு வேணுமா, வேண்டாமா? வாயத் தொறந்து கேளு” என்று போட்டு உடைத்துவிடுகிறேன். “ஜப்பானுக்கெல்லாம் போயிட்டு வந்தவங்க, பேச்சு மட்டும் இத்தன வெடுக்குனு இருக்குதுங்க” என்று முதுகுக்குப் பின்னால் பேசுவது காதில் விழத்தான் செய்கிறது. பேசட்டும். எனக்கு நாசூக்கெல்லாம் அலுத்துவிட்டது. அப்பா ஒரே ஒரு தடவை ‘வந்துரு அம்மணி’ என்று சொல்லியிருந்தால், யாரையும் கேட்காமலே விமானம் ஏறியிருப்பேன்.