ரமணியின் வீட்டு லோரிக்குக் கதவு வைத்த கதை

என் தங்கை ரமணிக்கு இருக்க இடமில்லை என்று பேசுகிறவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர். கோவிலில் பேசுகிறார்கள், கல்யாண வீட்டில் பேசுகிறார்கள், என் காதுபடவே பேசுகிறார்கள். அவளுக்கு இடம் இருக்கிறது. அதில் அடுப்பு இருக்கிறது, கட்டில் இருக்கிறது, சாமி படம் வைக்கத் தட்டு இருக்கிறது. அடியில் சக்கரம் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு எழுத்துத் தெரியாது. பேத்தியை உட்கார வைத்துச் சொல்கிறேன். நான் கோபமாகச் சொல்வதைக் கோபமாகவே எழுத வேண்டும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

நாங்கள் கோல சிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். நான் தலைச்சன், ரமணி கடைக்குட்டி. அவள் நடக்கப் பழகியது லயத்து வாசலில், கூலிக்காரர் வரிசை வீட்டு வாசலில். அந்தத் தோட்டத்தை விற்றார்கள், லயத்தை இடித்தார்கள். பத்தாங் காலிப் பக்கம் இன்னொரு தோட்டத்துக்குப் போனோம். அங்கே அவளை நல்லசாமிக்குக் கட்டிக் கொடுத்தோம். நல்லசாமி செம்பனைப் பழ லோரி ஓட்டியவர். சர்க்கரை வியாதியில் அவருக்கு ஒரு காலை எடுத்த பிறகு, லோரி ஓட்ட ஆளில்லை. ரமணி லைசென்ஸ் எடுத்து வந்து நின்றாள்.

"பொம்பள ஓட்டுனா பழம் மில்லுக்குப் போவாது, ரோட்டுலதான் கெடக்கும்" என்று ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் எல்லார் முன்னாலும் சொன்னார்.

பதினாலு வருஷம் ஓட்டினாள். பழம் மில்லுக்குத்தான் போனது. அந்த மண்டோர் சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவே இல்லை. ஓய்வு பெற்றபோது அவருக்கு மாலை போட்டார்கள். ரமணிக்கு யாரும் ஒன்றும் போடவில்லை.

நல்லசாமி போன மறு வருஷம் அந்தத் தோட்டத்தையும் விற்றார்கள். வீடு காலி செய்யச் சொல்லிக் கதவில் காகிதம் ஒட்டிவிட்டுப் போனார்கள். வேலை இருக்கிறவரைக்கும்தானே தோட்டத்து வீடு. ரமணி அந்தக் காகிதத்தைக் கிழிக்கவில்லை, படித்தாள், மடித்தாள், என்னிடம் வந்து சொன்னாள்: "அக்கா, இனிமே ஒருத்தன் வந்து எந்திரின்னு சொல்ல முடியாத வீட்டுலதான் நான் படுப்பேன்."

புக்கிட் பெருந்துங்கில் என் மகன் வீட்டில் ஒரு அறை காலியாகத்தான் இருந்தது. வா என்றேன். வரமாட்டேன் என்றாள். ரவாங்கில் ஒரு சீனர் வீட்டுப் பின்னால் டுரியான் மரத்தடியில் பழைய வண்டி ஒன்று நின்றது. லோரி மாதிரி முன்பக்கம், பின்னால் வீடு. டவுன் பிள்ளைகள் மோட்டார்ஹோம் என்பார்கள். எங்கள் வாயில் அது வீட்டு லோரி. கையில் இருந்ததை எல்லாம் கொடுத்து அதை வாங்கினாள்.

அதில்தான் ஒன்பது வருஷமாகப் பிழைக்கிறாள். தஞ்சோங் காராங்கில் நெல் அறுவடை தொடங்கினால் வாய்க்கால் ரோட்டோரமாகப் போய் நிறுத்துவாள். அறுவடை மெஷின் ஓட்டுகிற ஆட்களுக்குக் காலையில் தோசை, மத்தியானம் சோறு. அறுவடை இல்லாத மாதங்களில் கோவில் திருவிழாக்கள். மலாய்க்காரப் பிள்ளைகள் அவளை 'மக்சிக் லோரி', அதாவது லோரி அத்தை, என்று கூப்பிடுவார்கள். அவர்களுக்குத் தெரிகிறது அவள் யார் என்று. நம் ஆட்களுக்குத்தான் தெரியவில்லை.

போன மழைக்காலத்தில் அந்த வீடு செத்துப்போனது. கூரை மூட்டில் இறங்கிய தண்ணீர் பலகையை எல்லாம் ஊறவைத்துவிட்டது. ஒரு நாள் காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருக்கும்போது வலது கால் தரையைத் துளைத்துக்கொண்டு போய் டயர்மேல் நின்றதாம். தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் காலை எடுத்தேன் என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புக்கிட் பெருந்துங் தொழிற்பேட்டையில் குமரவேல் என்று ஒரு பிள்ளை. லோரிக்குப் பெட்டி கட்டுகிறவன். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்தான்.

"அக்கா, சேசி நல்லாருக்கு. இன்னும் இருவது வருஷம் ஓடும். மேல இருக்கிறதுதான் போச்சு. கழட்டிப் போட்டுட்டு அதே சேசி மேல புது வீடு கட்டிறலாம்லா."

சேசி என்றால் எஞ்சினும் சக்கரமும் மாட்டியிருக்கிற அடி இரும்பு. பழைய வீட்டை அதோடு பிடித்திருந்த போல்டுகளை ஒவ்வொன்றாக அறுத்து எடுத்தார்கள். போர்க்லிப்ட் வைத்துத் தூக்கியபோது வீடு முழுசாக வரவில்லை, நனைந்த ரொட்டி மாதிரி துண்டு துண்டாக வந்தது. கடைசியில் டிரைவர் உட்காருகிற மண்டையும், பின்னால் இரண்டு நீள இரும்பும் மட்டும் நின்றன. ரமணி அந்த இரும்பின் மேல் ஏறி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்தாள். அடுப்பு எங்கே, கட்டில் எங்கே, சோறு கொடுக்கிற ஜன்னல் எங்கே என்று காலாலேயே அளந்து காட்டினாள். கதவு இடது பக்கம் என்றாள். நம் நாட்டில் வண்டி இடது ஓரமாகத்தானே போகிறது. ரோட்டோரம் நிறுத்தினால் புல்லில் இறங்க வேண்டும். இதற்குப் படிப்பு வேண்டுமா? குமரவேல் தலையாட்டினான்.

இரும்புக்கும் புதுத் தரைக்கும் நடுவே ரப்பர் கட்டைகள் வைத்து, சட்டம் நிறுத்தி, வெளியே அலுமினியத் தகடு அடித்து மூன்று வாரத்தில் வீடு எழும்பிவிட்டது. கதவுக்கு மட்டும் இன்னும் வெட்டவில்லை. அந்த நேரம் பார்த்து ரமணி அறுவடை ஆட்களைப் பார்க்கத் தஞ்சோங் காராங் போயிருந்தாள்.

அன்றைக்குத்தான் தேவன் வந்தார். நல்லசாமிக்கு அண்ணன், கோவில் கமிட்டியில் இருக்கிறவர். தம்பி கால் போய்க் கிடந்தபோது இரண்டு தடவை ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தவர். அதற்குமேல் நான் சொல்ல வேண்டாம். கூடவே ஒரு வாஸ்துக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தார். என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார். பெரிய மனுஷி ஒருத்தி வேண்டுமாம்.

"வீடுன்னா நெலை வைக்கணும். நெலை இல்லாம கதவு வெச்சா அது கோழிக் கூண்டு" என்றார் தேவன்.

"அங்கிள், இது வண்டி" என்றான் குமரவேல். "கதவு இடது பக்கம்னு அக்கா சொல்லிட்டுப் போயிருக்காங்க."

"உள்ள படுக்கிறாளா இல்லியா? சமைக்கிறாளா இல்லியா? அப்ப வீடுதான்."

வாஸ்துக்காரர் போனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார். "வண்டி வடக்க பாத்து நிக்குது. கெழக்கு இந்தப் பக்கம்" என்று டிரைவர் பக்கத்தைக் காட்டினார். அதாவது வலது பக்கம்.

"ரமணி வரட்டும் தம்பி" என்று நான் சொன்னேன். சொன்னேன் என்பதற்குக் குமரவேல் சாட்சி.

"பத்தரையோட நல்ல நேரம் முடியுதுக்கா. அவ வர்ற வரைக்கும் நேரம் காத்துக்கிட்டு நிக்குமா?"

வலது பக்கத்தில் வெட்டினார்கள். தேவன் கொண்டுவந்த கெட்டி மரத்து நிலையை முடுக்கினார்கள். அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டியது யார்? நான்தான். இந்தக் கை. பால் காய்ச்சினோம், குடித்தோம், நன்றாயிருக்கிறது என்றுகூடச் சொன்னேன். இதை மறைத்துவிட்டு அடுத்தவரைத் திட்டினால் அது நியாயமில்லை. அதனால் என்னையும் சேர்த்தே திட்டிக்கொள்கிறேன்.

ரமணி மறுநாள் வந்தாள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள். மாவிலையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"செருப்ப எங்கக்கா கழட்டி வெக்கிறது? நடு ரோட்டுலயா?"

தேவன் கிழக்கைப் பற்றி விளக்கம் சொன்னார். சூரியன், லட்சுமி என்று நீளமாகவே சொன்னார். அவள் கேட்டு முடித்தாள்.

"சரி மாமா. இந்த கேட்டத் தாண்டி வலது பக்கம் ஒடிச்சா இந்தக் கதவு எங்க பாக்கும்?"

அவளே கையைத் தெற்கே நீட்டிக் காட்டினாள்.

"தெக்க பாக்கும். கெழக்குதான் வேணும்னா, வண்டியத் திருப்பி தெக்க பாத்து நிறுத்திட்டு இடது பக்கத்துல வெட்டியிருக்கலாம். இடது பக்கம் கெழக்கா வந்திருக்கும். அஞ்சு நிமிஷ வேலை."

நான்கு பேர் அன்றைக்கு அங்கே நின்றோம். லோரி கட்டுகிறவன் ஒருத்தன், திசை பார்க்கிறவர் ஒருத்தர், கமிட்டிக்காரர் ஒருத்தர், எழுபது வயசுக்காரி நான் ஒருத்தி. சக்கரம் வைத்த வீட்டைத் திருப்பி நிறுத்தலாம் என்று ஒருத்தர் மண்டையிலும் ஏறவில்லை. நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தேவன் விட்டுக்கொடுக்கவில்லை. "நெலை வெச்சது வெச்சதுதான். எடுத்தா அந்த வீட்டுல ஒரு உசுரு போவும்."

"அந்த வீட்டுல நான் ஒருத்திதான் மாமா."

"அதான் சொல்றேன்."

பார்த்துக்கொள்ளுங்கள், எப்படிப் பேசுகிறார் என்று.

குமரவேலும் நிலையில் கை வைக்க மாட்டேன் என்றுவிட்டான். அவன் பெண்சாதிக்கு ஏழாம் மாசம். பயந்தவனை ரமணி வற்புறுத்தவில்லை. அந்த வாரமே அறுவடை தொடங்குகிறது. இருக்கட்டும் என்று வண்டியை எடுத்தாள்.

நான் துணைக்குப் போனேன். தேவனும் வந்தார், முதல் பயணத்துக்குப் பெரியவர்கள் இருக்கணுமாம். அவர் முன்னால் உட்கார்ந்தார், நான் பின்னால் வீட்டுக்குள் அரிசி மூட்டையோடு. தஞ்சோங் காராங் நுழைகிற இடத்தில் வாழைக்காய் பொரிக்கிற கடை ஒன்றைப் பார்த்துத் தேவன் நிறுத்தச் சொன்னார். வண்டி ஓரமாக நின்றது, தேவன் இறங்கிக் கடைக்குப் போனார். எனக்குக் கால் மரத்துப் போயிருந்தது. ரமணி வந்து திறப்பதற்குள் நானே கதவைத் திறந்து, ஒரு காலைப் படிக்கு நீட்டினேன்.

மணல் லோரி. ஹாரன் கேட்டதும் அது போனதும் ஒன்றாகத்தான் நடந்தது. கதவு என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் வண்டி உடம்பில் அறைந்தது. படி இருந்த இடத்தில் படி இல்லை. நான் அரிசி மூட்டைமேல் மல்லாந்து கிடந்தேன். மூக்குக் கண்ணாடியை இன்றுவரை காணோம்.

தேவன் கையில் பொரித்த வாழைக்காயோடு ஓடி வந்தார். வந்தவர் சொன்னது இது: "பாத்தீங்களாக்கா, நெலை காப்பாத்திருச்சு."

நான் எழுந்து உட்கார்ந்தேன். "தேவா, நெலை ஒண்ணும் காப்பாத்தல. நான் கால இன்னும் கீழ வெக்கல."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே வாழைக்காயைக் கடித்தார். ஆபத்து வரவில்லை என்றால் நிலையால் வரவில்லை, வந்து தப்பித்தால் நிலையால் தப்பித்தேன். செத்திருந்தால் என் ஜாதகத்தைக் குறை சொல்லியிருப்பார்.

ரமணி என் முழங்காலைத் தடவிப் பார்த்தாள். மெஷின்காரர்களுக்குப் போன் போட்டு, இரண்டு நாள் கழித்து வருகிறேன் என்றாள். வண்டியைத் திருப்பினாள். தேவனை அவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, நேராகக் குமரவேல் பட்டறைக்கு வந்தாள்.

"குமாரு, நீ வெட்ட வேணாம். கோடு மட்டும் போட்டுக் குடு."

அவன் என்னைப் பார்த்தான். "கோடு போட்டா தப்பில்லையே பாட்டி?"

"கோட்டுக்கு என்னடா தப்பு."

மட்டம் வைத்து இடது பக்கத் தகட்டில் கோடு போட்டான். ரமணி தலையில் துண்டைக் கட்டி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வெட்டுகிற மெஷினைக் கையில் எடுத்தாள். தோட்டத்து லோரியில் பாதி ரிப்பேரை அவளேதான் பார்ப்பாள், அவளுக்கு அது புதுசு இல்லை. பொறி பறந்தது. தகட்டை வளையாமல் முழுசாக எடுத்தாள், வலது பக்கத்து ஓட்டையை மூட அதுதான் வேண்டும். உள்ளே நின்ற இரும்புக் கால் ஒன்று குறுக்கே வந்தது. அதைப் பார்த்துக் குமரவேலுக்குப் பொறுக்கவில்லை. வந்து வாங்கி, காலை அறுத்துத் தள்ளி வைத்து ஒட்டினான். "நெலையத் தொடல, இரும்பத்தான் தொட்டேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

நிலையை முடுக்கிய ஆணிகளை ரமணி கழற்றினாள். மாவிலையை நான் அவிழ்த்தேன். கட்டிய கைதானே அவிழ்க்க வேண்டும்.

அப்போது என் போன் அடித்தது. தேவன்.

"அக்கா, அங்க என்ன சத்தம்? அவ என்ன பண்றா?"

"வெட்டுறா."

"யாரக் கேட்டு வெட்டுறா?"

"யாரக் கேக்கணும்? அவ வீடு."

போனை வைத்துவிட்டேன். அரை மணி நேரத்தில் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார். நிலை இடது பக்கம் ஏறிவிட்டிருந்தது. வலது பக்கத்து ஓட்டையில் தகட்டை நிமிர்த்திப் பிடிக்க ஆள் வேண்டும். குமரவேல் உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தான், என் கையில் பலம் இல்லை. தேவன் வாயைத் திறந்தார். அதற்குள் ரமணி தகட்டின் ஒரு கோடியை அவர் பக்கம் நீட்டினாள்.

"மாமா, அந்தப் பக்கம் புடிங்க."

பிடித்தார். என்ன நினைத்துப் பிடித்தாரோ, பிடித்தார். தலைக்குமேல் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. ரமணி கீழ்மூலையிலிருந்து ரிவெட் அடிக்கத் தொடங்கினாள். ஒன்று அடிப்பாள், தட்டிப் பார்ப்பாள், தடவிப் பார்ப்பாள், அடுத்ததுக்குப் போவாள். அவருக்குச் சட்டை நனைந்தது. அவள் அவசரப்படவில்லை. நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

"போதுமாம்மா, விட்றவா?" என்றார் தேவன்.

"இன்னும் மேல் வரிசை முழுசா இருக்கு மாமா" என்றாள் ரமணி.