அப்பா வராத அஜந்தா

அப்பாவிடம் பொய் சொன்னேன். ரயில் டிக்கெட் உறுதியாகவில்லை என்றேன். உறுதியாகியிருந்தது! அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் அப்படிச் சொன்னேன்.

பிறகு அவரை ஊருக்கு அனுப்பிவிட்டு, அவர் வாழ்நாளெல்லாம் போக ஆசைப்பட்ட அஜந்தா குகைகளுக்கு நான் போய்வந்தேன்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம்கூட. உங்களிடம் சொல்வதற்கு ஒரே காரணம், உங்களுக்கு என் முகம் தெரியாது என்பதுதான். பார்த்தீர்களா... குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போதும் மறைந்து நிற்க ஓர் இடம் தேடுகிறேன்!

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகள் அவை. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். துணி வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்குச் சாம்பிள் அனுப்புவது, மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவது, ஷிப்மெண்ட் தாமதமானால் எல்லாரிடமும் திட்டு வாங்குவது... இதுதான் வேலை. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். வேலை உடனே கிடைத்தது. வீடுதான் கிடைக்கவில்லை.

'வீடு வாடகைக்கு' என்று பலகை தொங்கும். உள்ளே போனால் மோர் தருவார்கள். மிக மரியாதையாக விசாரிப்பார்கள். "நீங்க என்ன ஆளுங்க தம்பி?" நான் உண்மையைச் சொல்வேன். "ஊடு நேத்தே பேசி முடிஞ்சு போச்சுங்களே!" என்று அதே மரியாதையோடு வாசல்வரை வந்து வழியனுப்புவார்கள். அடுத்த வாரமும் அந்தப் பலகை அங்கேயே தொங்கும்.

அவிநாசி சாலைக்கு உள்ளே ஒரு வீட்டில் அதே கேள்வியைக் கேட்டபோது, நான் வேறொரு சாதியின் பெயரைச் சொன்னேன். நா தடுமாறவில்லை. அன்றே சாவி கிடைத்தது.

வீட்டுக்காரர் பழனிசாமி அண்ணன் கீழ்த்தளத்தில் சிறிய நிட்டிங் யூனிட் வைத்திருந்தார். அவர் மனைவி ருக்மணி அக்கா. இருவரும் நல்லவர்கள்... இதை நான் அழுத்திச் சொல்லவேண்டும். எனக்குக் காய்ச்சல் வந்தபோது அக்கா ரசம் கொண்டுவந்து வைத்துவிட்டு, குடிக்கும்வரை நின்றார். அவர்கள் கெட்டவர்களாக இருந்திருந்தால் என் கதை எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்!

அம்மா இறந்தபின் அப்பா என்னோடு வந்துவிட்டார். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். இளம் வயதில், மதுரையில் ஒரு கூட்டத்துக்குப் போன இடத்தில், வடக்கேயிருந்து வந்த ஒரு பிக்குவின் முன்னால் மூன்று சரணங்களைச் சொல்லி பௌத்தரானவர். அந்தப் பிக்குதான் மலையைக் குடைந்து பிக்குகள் வாழ்ந்த குகைகளைப் பற்றி அவருக்குச் சொன்னாராம். எங்கள் ஊரில் விகாரையும் இல்லை, பிக்குவும் இல்லை. அம்மா தன்பாட்டுக்கு அம்மன் கோயிலுக்குப் போனாள். அப்பா அவளை எதுவும் சொன்னதில்லை. ஆனால் அஜந்தா, அஜந்தா என்று நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். "உனக்கு வேலை கிடைக்கட்டும்யா, போவோம்." வேலை கிடைத்தது. "உனக்குக் கல்யாணம் முடியட்டும், போவோம்." அதுவும் முடிந்தது.

அவர் பெட்டியில் இரண்டு படங்கள் கொண்டுவந்திருந்தார். ஒன்று புத்தர். மற்றது நீலக் கோட்டு அணிந்த அந்தத் தலைவர். பெயர் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். புத்தரை மாட்டலாம், அழகுக்கென்று எல்லா வீட்டிலும் வைக்கிறார்கள். மற்றதை...?

"சுவத்துல ஆணி அடிக்கக் கூடாதுன்னு ஹவுஸ் ஓனர் சொல்லியிருக்காருப்பா" என்றேன்.

அவர் இரண்டு படங்களையும் வேட்டியில் சுற்றித் திரும்பவும் பெட்டிக்குள் வைத்தார். அவர் தலைக்கு மேலேயே ஆணியில் கடிகாரம் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதை நிமிர்ந்து பார்க்கவில்லை என்று அன்றைக்கு நம்பினேன்.

அந்த வருடம் மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். கம்பெனியில் சீசன் முடிந்து கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைத்தது. குழந்தை பிறந்துவிட்டால் முடியாது என்று நானேதான் பயணத்தைப் பேசினேன். அப்பாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்! அன்று மாலையே மொட்டைமாடியில் துணி காயப்போட வந்த ருக்மணி அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

மறுநாள் பழனிசாமி அண்ணன் மேலே ஏறி வந்தார்.

"ஏனுங் தம்பி, அஜந்தா போறீங்களாமா? அதுக்குப் பக்கந்தானுங்களே ஷீரடி! அக்கா ரொம்ப நாளாப் போகோணும் போகோணும்னு நச்சு பண்றாளுங்க. எங்களுக்கு அந்தப் பாஷை தெரியாதுங்க. உங்க கூடயே வந்தர்றோமுங்க."

எப்படி மறுப்பது? "வாங்கண்ணா" என்றேன். பிரவுசிங் சென்டருக்குப் போய் நாலு பேருக்கும் டிக்கெட் போட்டேன். எல்லாம் காத்திருப்புப் பட்டியலில் இருந்தன. அவை அப்படியே இருந்து தொலையட்டும் என்று அன்றிலிருந்து வேண்டிக்கொண்டேன்.

என் அமைதி போயிற்று. சாம்பிளை வேறு பையருக்கு மாற்றி அனுப்பினேன். சாப்பாட்டை மறந்தேன். ரயிலில் இரண்டு நாள் எதிரெதிரே அமரப்போகிறார்கள்... அப்பா பேசுவார். ஊர் எது, தெரு எது, குலதெய்வம் எது என்று அண்ணன் கேட்பார். அப்பாவுக்குப் பொய் வராது. எனக்கு வந்த அந்தச் சரளம் அவருக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை.

பயணத்துக்கு முந்தைய வாரம், அப்பா குமரன் சாலையில் இரண்டு வெள்ளைச் சட்டைகள் வாங்கிக்கொண்டு வந்தார். ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு.

"எதுக்குப்பா வெள்ளை?"

"அங்க புத்தருக்கு முன்னால நின்னு சரணம் சொல்லணும்யா. வெள்ளைதான் உடுத்தணும். நீயும் எங்கூடச் சொல்லணும். அன்னைக்கி மதுரையில கூட்டத்தோட சொன்னது. இப்பத் தனியா நின்னு சொல்ல வெக்கமா இருக்கும்லா!"

சிரித்தார். சட்டையை என் தோளோடு வைத்து அளவு பார்த்தார். அந்தக் கணத்தில்தான் முடிவு செய்தேன். ஆம், அந்தக் கணத்தில்தான்... அவர் கை என் தோளில் இருக்கும்போதே!

மறுநாள் டிக்கெட்டுகள் உறுதியாயின. அவருடையதை மட்டும் ரத்து செய்தேன். அவரிடம், "டிக்கெட் யாருக்கும் கிடைக்கலப்பா. எனக்கும் பம்பாய்ல கம்பெனி வேலை வந்துருச்சு. நீங்க ஊருக்குப் போய் வீட்டைப் பார்த்துட்டு வாங்க. அடுத்த மாசம் போவோம்" என்றேன். கீழே போய் அண்ணனிடம், "அப்பாவுக்கு உடம்பு சரியில்லீங்க, ஊருக்குப் போயிட்டாருங்க" என்றேன்.

அதற்கு முன்பே, விடியும் நேரத்தில், அவரைப் பேருந்து ஏற்றிவிட்டிருந்தேன். சன்னல் வழியே, "பம்பாய்ல தண்ணியப் பாத்துக் குடிய்யா" என்றார்.

ஏன் பயணத்தையே கைவிடவில்லை என்று கேட்கிறீர்களா? நானும் கேட்டுக்கொள்கிறேன். வீட்டுக்காரர் மனம் கோணக்கூடாது, குழந்தை பிறக்கும் நேரத்தில் வீடு தேடி அலையக்கூடாது என்று அப்போது காரணம் சொல்லிக்கொண்டேன். காரணம் பொய்யில்லை. ஆனால் காரணம் இருந்துவிட்டால் போதுமா?

ஷீரடி முடித்து அஜந்தா போனோம். ஆற்று வளைவில் கரிய பாறைச்சுவர். அதில் வரிசையாக வாசல்கள். வயதானவர்களை நாற்காலியில் வைத்து நான்கு பேர் தூக்கிப்போகும் வசதி இருந்தது. ருக்மணி அக்கா சிரித்துக்கொண்டே அதில் ஏறி அமர்ந்தார். மின்கம்பம் ஏறி ஏறி முட்டி தேய்ந்த அப்பாவும் இப்படிப் போயிருக்கலாமே என்று தோன்றியது. தலையைத் திருப்பிக்கொண்டேன்.

கடைசிப் பக்கமுள்ள ஒரு குகையில் பெரிய புத்தர் பக்கவாட்டில் படுத்திருந்தார். அவர் முன்னால் ஒரு கூட்டம் நின்றது. மராட்டியக் குடும்பங்கள். ஆண், பெண், குழந்தைகள், எல்லாரும் வெள்ளை உடை. கைகூப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

புத்தம் சரணம் கச்சாமி...

அப்பா சவரம் செய்யும்போது முணுமுணுக்கும் அதே சொற்கள்! குகை அவற்றை வாங்கிப் பெரிதாக்கித் திருப்பித் தந்தது. என் உதடுகள் தாமாக அசைந்தன. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ஒரு முதியவர் அதைக் கவனித்துவிட்டார். சிரித்தார். சற்று நகர்ந்து, தன் பக்கத்தில் எனக்கு இடம் விட்டார்.

"யாருங்க தம்பி இவங்கெல்லாம்?" என்று அண்ணன் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள், ஆங்கிலமும் கொஞ்சம் தமிழும் பேசிய வழிகாட்டி சொல்லிவிட்டான். யாரைப் பின்பற்றி மதம் மாறியவர்கள், அதற்குமுன் யாராக இருந்தவர்கள் என்று...

அண்ணன் முகம் சுளிக்கவில்லை. குரலும் மாறவில்லை. அரை அடி பின்னால் நகர்ந்தார், அவ்வளவுதான். "ஓ... அவிங்களா. வாங்க தம்பி, நாம அந்தப் பக்கம் பாக்கலாமுங்க."

நான் போனேன்.

ஐயோ... போனேன்! முதியவர் விட்ட இடம் அப்படியே இருந்தது. நான் அண்ணனின் முதுகைப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தேன். அதன்பின் எந்தக் குகையில் என்ன ஓவியம் இருந்தது, எந்தத் தூணில் என்ன சிற்பம் இருந்தது... எதுவும் எனக்குத் தெரியாது. அண்ணன் எங்கே நிற்கிறார், என்ன நினைக்கிறார் என்பதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா ஊரிலிருந்து திரும்பிய அன்றே ருக்மணி அக்கா பிரசாதமும் புகைப்படங்களுமாக மேலே வந்தார். நான் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். தடுக்க நேரமில்லை.

"நீங்களும் வந்திருக்கோணுமுங்கய்யா! உடம்பு இப்பத் தேவலைங்களா? இதா பாருங்க, உங்க பையன் அஜந்தாவுல நிக்கறதை. நீங்க வரலைன்னு தம்பி மொகமே வாடிப் போச்சுங்க."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. நான் அசையவில்லை. கூடத்தில் புகைப்படங்களைப் புரட்டும் ஓசை.

பிறகு அப்பாவின் குரல் கேட்டது. "ஆமாம்மா. முட்டுவலி. அவன் வாங்க வாங்கன்னுதான் சொன்னான். நான்தான் மாட்டேன்னுட்டேன்."

பொய்யே வராத மனிதர்! எனக்காக அதையும் கற்றுக்கொண்டார்.

அவர் என்னைக் கேட்கட்டும், அடிக்கட்டும் என்று காத்திருந்தேன். டீயைக் குடித்தார். "சீனி கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார். குழந்தை பிறந்து, பேத்தியைப் பார்த்த மறுவாரம், ஊர்வீடு பூட்டிக் கிடக்கிறது என்று சொல்லிப் பெட்டியோடு கிளம்பினார். திரும்ப வரவேயில்லை.

இப்போது அவரால் நடக்க முடிவதில்லை. சில மாதங்களுக்கு முன் ஊருக்குப் போயிருந்தேன். அந்த வீட்டில் இரண்டு படங்களும் சுவரில் இருக்கின்றன. அவர் கட்டிலருகே அமர்ந்து, "இந்த வருசம் அஜந்தா போவோம்ப்பா, விமானத்துல கூட்டிட்டுப் போறேன்" என்றேன். குரலில் எவ்வளவு தாராளம் பாருங்கள்!

"இனி எங்கய்யா... நீ பாத்துட்டேல்லா. எப்படி இருந்துச்சுன்னு சொல்லு."

முதல்முறையாகக் கேட்டார். கண்களை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

நான் எதைச் சொல்வேன்? எங்கோ படித்ததை, தொலைக்காட்சியில் பார்த்ததை எல்லாம் சேர்த்துச் சொன்னேன். தாமரை ஏந்திய கை, யானைகள், அரசிகள்... நான் பார்க்காத ஒவ்வொன்றையும் வர்ணித்தேன். அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அங்க நம்ம ஆளுக யாராச்சும் வந்திருந்தாவளா? சரணம் சொன்னாவளா?"

சொல்லியிருக்கலாம். அந்த ஒன்றைத்தான் நான் உண்மையாகப் பார்த்திருந்தேன். வெள்ளை உடுத்திய அத்தனை பேரையும், அந்தக் குரல்களையும், நகர்ந்து இடம்விட்ட அந்த முதியவரையும் அவருக்குக் கொடுத்திருக்கலாம். ஆனால் அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும்: 'நீயும் கூட நின்னு சொன்னியாய்யா?'

"இல்லப்பா" என்றேன். "யாருமே இல்ல. காலியா இருந்துச்சு."

"காலியாவா..." என்றார். சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்தார்.

நான் அன்றே திருப்பூருக்குப் பேருந்து ஏறினேன். அதே வீடு, அதே மாடி. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கீழேயிருந்து பழனிசாமி அண்ணன் கூப்பிடுகிறார், டீ குடிக்க வரச்சொல்லி.

"வர்றேனுங்ண்ணா" என்கிறேன்... அவர் பேச்சு எனக்கு எவ்வளவு நன்றாக வந்துவிட்டது!