சாவியில் கட்டிய துணி

ஜமீலா தைத்த ரவிக்கையை இன்னொரு முறை பிரித்துத் தைக்க வேண்டியிருக்காது. இதை நான் சொல்ல வேண்டாம், காட்டுப்பாக்கத்தில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். நான் சொல்ல வந்தது அவளுக்கு நான் செய்ததை. சொல்லச் சொல்ல என் பேத்தி சுவேதா எழுதுகிறாள். எனக்கு எழுதப் படிக்க வராது. அதுவும் இந்தக் கதையில் வருகிறது, அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நான் வீட்டுப் புரோக்கர். சென்னீர்குப்பத்திலிருந்து காட்டுப்பாக்கம் வரைக்கும் வாடகைக்கு வீடு வேண்டுமென்றால் வேம்புலியம்மாளைக் கேள் என்பார்கள். ஒரு காலத்தில் நாற்று நட்ட இடத்தில் இன்று மூன்றாம் மாடி காட்டுகிறேன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. குனிந்து செய்கிற வேலையைவிட நிமிர்ந்து செய்கிற வேலை மேல்தான்.

வீடு காட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒவ்வொரு பார்ட்டியாகக் கூட்டிப் போனால் கால்தான் தேயும். மூன்று பார்ட்டியை ஒரே நேரத்துக்கு வரச் சொல்வேன். ஒருவர் சமையலறையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் வாசலில் செருப்பைக் கழற்றினால் போதும், முதல் ஆளுக்கு மனசு பதறிவிடும். அன்றைக்கே டோக்கன், அதாவது வீட்டைப் பிடித்து வைக்கிற முன்பணம், கொடுத்துவிடுவார். ராகு காலத்தில் யாரையும் வரச் சொல்ல மாட்டேன். ஆடியில் ஒருவரும் குடி வர மாட்டார்கள், ஆனால் ஆவணிக்கு வீடு பிடிக்க ஆடியில்தான் அலைவார்கள். ஆள் குடியிருக்கிற வீடென்றால் முதல் நாளே போய், "எத்தினி மணிக்கு வர்லாம்?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வேன். அது மரியாதை.

என்னிடம் எப்போதும் இருபது இருபத்தைந்து சாவி இருக்கும். மற்ற புரோக்கர்கள் அட்டையில் எழுதித் தொங்கவிடுவார்கள். நான் துணி கட்டி வைப்பேன். மஞ்சளில் பூப்போட்டது அய்யாசாமி வீட்டு மாடி, சிவப்புக் கட்டம் போட்டது நசரத்பேட்டை பின்கட்டு, இப்படி. அத்தனையும் ஜமீலாவின் மெஷினுக்கடியில் விழுகிற துண்டுகள். "எதுக்குக்கா இம்மாந் துணி?" என்று முதல் நாள் கேட்டாள். "அழகுக்கு" என்றேன். அதற்கப்புறம் அவள் கேட்டதில்லை. ஒரே நிறம் இரண்டு வந்துவிடாமல் பொறுக்கி, எனக்கென்று ஒரு பையில் போட்டு வைத்திருப்பாள்.

அவளுக்கு வீடு பிடித்துக் கொடுத்ததே நான்தான். ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த புருஷன் அவளை விட்டுப் போய்விட்டான். தாயாரையும் தையல் மெஷினையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். ஏழு வீடு காட்டினேன். வீட்டுக்காரர்கள் சிரித்துப் பேசுவார்கள், "பேரு இன்னா?" என்பார்கள், பேரைக் கேட்டதும் ஊரிலிருந்து சொந்தக்காரர் வரப்போவது ஞாபகம் வந்துவிடும். எட்டாவது வீடு மனோகரன் சாருடையது. அவர் ஆவடியில் இருக்கிறார். பேரைக் கேட்டார், பிறகு "தையல் மெஷின் சத்தம் மாடிக்குக் கேக்குமா?" என்று மட்டும் கேட்டார். பதினோரு வருஷம் அந்தக் கீழ் வீட்டில் இருந்தாள்.

போன ஆடியில் மனோகரன் சார் போன் செய்தார். மகனுக்குப் பணம் தேவைப்படுகிறது, கீழ் வீட்டைக் கூடுதல் வாடகைக்கு விடலாமென்று இருக்கிறேன், ஆள் பாருங்கள் என்றார். ஒரு மணி நேரம் கழித்து நீளமாக ஒரு மெசேஜ் வந்தது. எழுத்தாக எது வந்தாலும் நான் கட்டை விரல் படத்தை அனுப்பிவிடுவேன். அப்புறம் வேறு ஏதோ பேசுவதுபோலப் பேசி விஷயத்தைப் பிடுங்கிக்கொள்வேன். அன்றைக்குப் பிடுங்கவும் இல்லை. வாடகைத் தொகையாக இருக்கும் என்று நினைத்தேன். படித்துச் சொல்ல வீட்டில் ஆள் இருந்தது. கேட்க வெட்கம்.

காலி பண்ணுகிற விஷயத்தை ஜமீலா என்னிடம் சொல்லவில்லையே என்று எனக்கு உள்ளுக்குள் கோபம் வேறு. அந்தக் கோபத்தில் முதல் நாள் போய்க் கேட்கிற வார்த்தையையும் கேட்கவில்லை. நம்ம ஜமீலாதானே.

சனிக்கிழமை ராகு காலம் முடிந்து பத்தரைக்கு மூன்று பார்ட்டியோடு போய் நின்றேன். அவள் மெஷினைவிட்டு எழுந்து வந்தாள்.

"வா வேம்புலிக்கா! இன்னா, கல்யாணக் கும்பலையே இட்டுக்கினு வந்துட்ட? எல்லாம் ஆவணி முகூர்த்தமா?" கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்துக்கொண்டே யுவராணி என்ற பெண்ணிடம் திரும்பினாள். கம்ப்யூட்டர் வேலைக்குத் திருநெல்வேலியிலிருந்து வந்த பெண் அவள். "அளவு ஜாக்கெட் எட்தாந்தியாம்மா? இல்ல நானே அளவு எடுத்துக்கட்டா?"

யுவராணி சிரித்தாள். "துணி தைக்க இல்லக்கா, வீடு பாக்க வந்திருக்கோம். நீங்க எப்ப காலி பண்ணுதீங்க?"

ஜமீலா என்னைப் பார்த்தாள். "இன்னாக்கா சொல்றாங்க?"

"சார் சொல்லலியா உனக்கு?" என்றேன்.

அவள் பதில் சொல்வதற்குள் யுவராணியின் புருஷன் செல்வகுமார் உள் அறைக் கதவைத் திறந்துவிட்டான். படுத்திருந்த ஜமீலாவின் தாயார் திடுக்கிட்டு எழுந்து முக்காட்டை இழுத்துக்கொண்டார். அவன் "சாரிம்மா, சாரிம்மா" என்று பின்வாங்கினான். இன்னொருவர் இதையெல்லாம் கவனிக்காமல், மெஷின் இருந்த இடத்தில் பிரிட்ஜ் நிற்குமா என்று சுவரைச் சாண் போட்டுக்கொண்டிருந்தார்.

எல்லாரும் வெளியே வாருங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மூன்று பார்ட்டி சேர்ந்து வந்த நேரம், கலைக்க மனசு வரவில்லை. இதைச் சொல்லும்போது என் காது சுடுகிறது.

காலி பண்ண இஷ்டமில்லாதவர்கள் வருகிறவர்களிடம் வீட்டைப் பற்றி இல்லாததும் பொல்லாததும் சொல்வார்கள். தண்ணீர் வராது, சாக்கடை உள்ளே வரும் என்பார்கள். ஜமீலாவும் அப்படித்தான் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். சொல்லட்டும் என்றும் நினைத்தேன்.

"தண்ணி எப்படிக்கா?" என்று யுவராணி கேட்டாள்.

நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே ஜமீலா சொன்னாள், "போர் தண்ணிதான், உப்பு இல்ல. மழைக்கு வாசப்படி வரைக்கும் வரும், உள்ள வராது. பதினோரு வருசமா கீறேன், ஒரு கொற சொல்ல முடியாது."

அன்று மதியமே யுவராணி டோக்கன் கொடுத்துவிட்டாள்.

சாயங்காலம் மனோகரன் சார் போனில் கத்தினார். "ஜமீலாகிட்ட இன்னும் சொல்லல, ஞாயித்துக்கிழமை நானே நேர்ல வந்து சொல்றேன், அதுவரைக்கும் யாரையும் கூட்டிப் போகாதீங்கன்னு தெளிவா எழுதினேனேம்மா! நீங்க கட்டை விரல் வேற போட்டீங்க! தை வரைக்கும் அந்தப் பொண்ணுக்கு டைம் குடுக்கலாம்னு இருந்தேன். இப்ப அது போன்ல அழுவுது, நான் என்ன சொல்ல?"

"கண்ணாடி ஒடஞ்சி போச்சு சார்" என்றேன். நான் பிறந்ததிலிருந்து கண்ணாடி போட்டதில்லை.

மறுநாள் டோக்கனைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். செல்வகுமார் கையைப் பிசைந்தான். தாங்கள் இருந்த வீட்டுக்காரரிடம் காலி பண்ணுவதாக அன்றைக்கே சொல்லிவிட்டார்களாம், அங்கேயும் வேறு ஆள் வந்துவிட்டதாம். மூன்று பார்ட்டியைச் சேர்த்து நிறுத்தி அவசரப்படுத்தியது யார்? நான்தான்.

அந்த மாதம் ஜமீலாவுக்கு ஒன்பது வீடு காட்டினேன். கூட்டம் சேர்க்காமல் அவளை மட்டும் கூட்டிப் போனேன். மறுபடியும் "பேரு இன்னா?" மறுபடியும் சொந்தக்காரர்கள் ஊரிலிருந்து வந்தார்கள். ஒன்பதாவது வீட்டுப் படியில் அவள்தான் எனக்குச் சமாதானம் சொன்னாள். "உட்டுத் தள்ளுக்கா, உன் கால் வீங்கிக்கினு கீது." கடைசியில் பஞ்சவர்ணம் என்கிற அவளுடைய தையல் வாடிக்கைக்காரி நசரத்பேட்டையில் தன் வீட்டுக்குப் பின்னால் ஒரு அறை கொடுத்தாள். மெஷின் போட்டால் ஒரு கட்டில்தான் போட முடியும். காட்டுப்பாக்கத்து வாடிக்கை பாதி அவ்வளவு தூரம் போகாது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆவணி பிறப்பதற்கு முதல் நாள் சாமான் ஏற்றினார்கள். தாயாரை வண்டியில் உட்கார வைத்துவிட்டு வந்து சாவியை என் கையில் கொடுத்தாள். அதில் பச்சைத் துணி கட்டியிருந்தது.

"அடையாளம் கட்டிட்டேன்கா. இந்தப் பச்ச உன்கிட்ட இல்ல."

"ஜமீலா, சார் அன்னிக்கி எழுதி அனுப்பிச்சாரு. எனக்குப் படிக்க வராது. சத்தியமா நீ தெரிஞ்சிக்கினு கீறன்னுதான் நெனச்சேன்" என்றேன்.

"படிக்க வராதுன்னு எனக்குத் தெரியாதாக்கா? பதினோரு வருசமா துணி பொறுக்கிக் குடுக்கறேன்." என் கையிலிருந்த சாவியின் முடிச்சை ஒரு முறை இறுக்கிவிட்டாள். "படிக்க வராது, சரி. கேக்க வருமில்ல? ஒரு வார்த்த, வர்லாமான்னு கேட்டிருந்தா, அம்மாவ முன்னாடியே எழுப்பி ஒக்கார வெச்சிருப்பேனே."

வண்டி போய்விட்டது. யுவராணியிடம் சாவியைக் கொடுக்கும்போது பச்சைத் துணியை அவிழ்த்து மடியில் முடிந்துகொண்டேன்.

இப்போது யார் எழுதி அனுப்பினாலும், "எனக்குப் படிக்க வராது, வாயால சொல்லுங்க" என்று பேசி அனுப்பிவிடுகிறேன். அதைக் கேட்டபின் இரண்டு வீட்டுக்காரர்கள் எனக்கு வீடு கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தட்டும்.

நேற்றுப் புதிதாக ஒரு சாவி வந்தது. கட்டுவதற்குப் பையில் துணி இல்லை. அட்டையில் பேர் எழுதித் தருகிறேன் என்கிறாள் சுவேதா. வேண்டாம் என்றுவிட்டேன். ஜமீலாவிடம்தான் கேட்கப்போகிறேன். ஆனால் சொல்லாமல் போய் அந்த வாசலில் நிற்க மாட்டேன். போனில் அவள் நம்பருக்குத் தையல் மெஷின் படம் வைத்திருக்கிறேன். எத்தனை மணிக்கு வரலாம் என்று கேட்க வேண்டும். காலையிலிருந்து நாலு தடவை அந்தப் படத்தை எடுத்துப் பார்த்துவிட்டேன். இன்னும் அழுத்தவில்லை.